மூலையார் பிடித்த நான்காவது கட்டை

கிடங்கில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு பாத்திரத்தைக்கூடக் கீழே போடாதவர் என்று மூலையாருக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பரப்பியவரும் அவரேதான். தொடக்க காலத்தில் அது கைத்திறமையால் வந்த புகழ். பொறுப்பாளர் ஆன பிறகு, எதையும் கையில் எடுக்காததால் நீடித்த புகழ். "அத அங்க வை, இத இங்க வை" என்று விரலை மட்டும் நீட்டுகிற மனிதரிடமிருந்து எது நழுவி விழும்? விரல்தான் விழ வேண்டும்.

அது பீங்கானும் கண்ணாடியும் மொத்தமாக விற்கிற நிறுவனம். பழைய கிடங்கு, புதிய கிடங்கு என்று இரண்டு இருந்தன. இரண்டிலும் வேலை ஒரே மாதிரிதான். லாரி வந்து நின்றால் வாசலிலிருந்து உள் அலமாரி வரை ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். லாரிமேல் இருப்பவர் காகிதம் சுற்றிய தட்டு அடுக்கைக் கீழே வீசுவார். முதல் ஆள் பிடித்து அடுத்தவருக்கு வீசுவார், அவர் அதற்கடுத்தவருக்கு. யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. விரிந்த உள்ளங்கை தெரிந்தால் வீச வேண்டும், வந்தால் பிடிக்க வேண்டும். மற்ற நேரத்தில் முந்தாநாள் சண்டையைத் தொடரலாம்.

கிடங்கின் ஒரே சட்டம் இதுதான்: காற்றில் இருக்கிறவரை சரக்கு எல்லாருக்கும் சொந்தம், தரையைத் தொட்டுவிட்டால் போட்டவனுக்கு மட்டும் சொந்தம். போட்டவன் சில்லுகளைத் தானே பொறுக்கி, ஒரு தட்டில் ஏந்தி, அத்தனை பேர் பார்க்கப் பின்பக்கத்து உடைசல் அறைவரை நடந்துபோய்க் கொட்டிவிட்டு வர வேண்டும். அந்த நடைக்குப் பயந்தே ஒரு கிண்ணம் நழுவினால் நாலா பக்கமிருந்தும் கைகள் பாயும். பாசம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கூடப் பிறந்தவன் தடுக்கி விழுந்தால் நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள்தான் அவர்கள். ஆனால் கிண்ணம் வேறு. அதன்மேல் யாருக்கும் பகை கிடையாது.

பழைய கிடங்குக்குப் பொறுப்பாளர் மூலையார். புதிய கிடங்குக்குப் பொறுப்பாளர் அவருடைய சகலை. மூலையாரின் மனைவி அக்காள், சகலையின் மனைவி தங்கை. அக்காள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி வந்தால் தங்கை வீட்டில் அதைவிட ஒரு கதவு அதிகமாக வரும். தங்கை மகன் கண்ணாடி போட்டுக்கொண்டான் என்று கேள்விப்பட்டதும் அக்காள் தன் மகனை இழுத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் ஓடினாள். கண் நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டதில் அவளுக்கு இன்றுவரை வருத்தம். இப்படியாக இரண்டு குடும்பமும் ஒற்றுமையாக வாழ்ந்துவந்த நாளில்தான் முதலாளி ஓர் அறிவிப்புச் செய்தார். இரண்டு கிடங்கும் ஒன்றாகப் போகிறது, இனி ஒரே பொறுப்பாளர்தான், மற்றவர் அவருக்குக் கீழே.

அன்று மாலை மூலையார் வீட்டில் விளக்குப் போடக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

"ஏங்க, அப்படீன்னா நீங்க அவர சார்னு கூப்பிடணுமா?" என்றாள் மனைவி.

"அவரும் என்னைய அப்படிக் கூப்பிட வேண்டி வரலாம்ல?"

"நம்ம கல்யாணத்துல பந்தியில தண்ணி ஊத்தினவருங்க அவரு! அவரப் போயி சாரா? எந்தங்கச்சி முன்னாடி உங்க வாயிலேருந்து அந்த வார்த்தை வந்துச்சு, அப்புறம் நான் எங்க அம்மா வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

பல ஆண்டுகளாக மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்த வரம் இப்படிக் கேட்காமலே கிடைத்தும் மூலையாரால் மகிழ முடியவில்லை. விஷயம் அவ்வளவு பெரியது.

இருவரில் யாரை வைத்துக்கொள்வது என்பதில் முதலாளிக்குக் குழப்பம். இருவருக்கும் தகுதி சமம். அதாவது, இல்லாத விஷயத்தில் ஏற்றத்தாழ்வு பார்ப்பது கடினம். இந்த இடத்தில்தான் மாப்பிள்ளை நுழைந்தார். மாப்பிள்ளை என்றால் முதலாளியின் மகளைக் கட்டியவர். நிறுவனத்தில் அவருக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் வருத்தப்படுவார் என்று அவரிடமும் யாரும் கேட்டதில்லை. தலைமைப் பண்பை வளர்ப்பது எப்படி என்று எங்கோ ஒரு வாரம் பயிற்சிக்குப் போனவர், திரும்பி வரும்போது ஒரு விளையாட்டோடு வந்தார்.

சீசா வடிவத்தில், கழுத்து மெலிந்து வயிறு பருத்த பிளாஸ்டிக் கட்டைகள். ஆளுக்கு மூன்று. அணிக்கு ஐந்து பேர். விசில் ஊதியதும் பத்துப் பேரும் தத்தம் கட்டைகளை மாற்றி மாற்றி மேலே எறிந்து பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். யாருடைய கட்டை தரையைத் தொடுகிறதோ அவர் வெளியே. அதே சமயம் எதிரணிக்காரர் பக்கத்தில் போய், காற்றில் இருக்கும் அவர் கட்டையை நம் கட்டையால் தட்டிவிடலாம். உடம்பில் மட்டும் படக்கூடாது. கடைசிவரை யார் கட்டை காற்றில் இருக்கிறதோ அவருடைய அணிக்கு வெற்றி.

"இதுல ஒரு மனுஷனோட தலைமைப் பண்பு பளிச்சுன்னு தெரிஞ்சிடும் மாமா. செயிக்கிற டீமோட கேப்டன்தான் பொறுப்பாளர்" என்றார் மாப்பிள்ளை.

முதலாளி நெடுநேரம் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மகளின் முகத்தை நினைத்துக்கொண்டு சரி என்றார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே ஊர் ஏற்கெனவே இரண்டுபட்டுத்தான் இருந்தது. கூத்தாடி மட்டும் வந்து சேர வேண்டியிருந்தது.

தன்னுடையதை விடாமல் அடுத்தவனுடையதைத் தட்டிவிடுவது என்பதைச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற யாருக்கும் தனியாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. வீசிப் பிடிப்பதோ கிடங்கு ஆட்களின் கையிலேயே ஊறியது. ஒரே வாரத்தில் லாரி டிரைவர் நடந்துகொண்டே மூன்று கட்டை சுற்றினார். பேக்கிங் செய்கிற அக்கா, வாயில் ஒட்டுத்தாளைக் கடித்துக்கொண்டு, எதிரே நிற்கிறவர்களின் குடும்ப விவகாரங்களைப் பல்லிடுக்கில் பேசியபடியே சுற்றினாள். இருவரும் மூலையாரின் அணி. இவர்களோடு காவலாளியும் பில் போடுகிற பெண்ணும் சேர்ந்தார்கள். ஐந்தாவது ஆள் அணித்தலைவர்.

அணித்தலைவருக்குத்தான் இன்னும் 'மூலையார்' என்ற பெயர் வந்திருக்கவில்லை. முதல் பயிற்சி ஆட்டத்தில் வந்தது. விசில் ஊதியதும் அவர் பின்னாலேயே நடந்து, முதுகில் இரண்டு சுவரும் ஒருசேர முட்டுகிற இடத்தில் போய் நின்றுகொண்டார். கட்டைகளைத் தாடை உயரத்துக்கு மேல் எறியவில்லை. ஏதோ வயிற்று வலிக்காரர் வயிற்றைத் தடவிக்கொள்வது போலச் சின்னச் சின்னதாகச் சுற்றினார். வெளியே ஒரே போர். டிரைவர் இரண்டு பேரை வீழ்த்திவிட்டு விழுந்தார். அக்கா இரண்டு பேரை அனுப்பிவிட்டு, மூன்றாவது ஆளோடு மோதித் தானும் வெளியேறினாள். எல்லாரும் போன பிறகு பார்த்தால் மூலையில் அவர் மட்டும் வயிற்றைத் தடவிக்கொண்டு நின்றார். பழைய கிடங்கு வெற்றி.

"அண்ணே, நாங்கெல்லாம் செத்து மடியிறோம், நீங்க சுவத்துக்கு முட்டுக் குடுக்கிறீங்களே, இது என்னண்ணே?" என்றாள் அக்கா.

"தலைவன் கடைசிவரைக்கும் நிக்கணும்மா. தலையே போயிட்டா அப்புறம் முண்டம் என்ன பண்ணும்?"

"இப்ப முண்டந்தானே எல்லாத்தையும் பண்ணுச்சு!"

மாப்பிள்ளைக்கோ புல்லரித்துவிட்டது. "பாத்தீங்களா மாமா, பதட்டமே இல்ல! இதுக்குப் பேருதான் வியூகம்" என்றார். அன்றிலிருந்து அவர் மூலையார். 'ஆர்' விகுதி மரியாதைக்காகச் சேர்த்தது என்று அவரும், நீளமாகக் கேலி செய்வதற்காகச் சேர்த்தது என்று மற்றவர்களும் புரிந்துகொண்டதால் இரு தரப்புக்கும் மனக்கசப்பு இல்லை.

வீட்டில் பயிற்சிக்கு மனைவியே முன்வந்தாள். கூடத்தின் மூலையில் அவரை நிறுத்திவைத்துத் துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கட்டைகளைத் தட்டிவிடப் பார்த்தாள். விதிப்படி உடம்பில் படக்கூடாது. ஆனால் பழைய கணக்குகள் பல பாக்கி இருந்தபடியால் அவ்வப்போது படத்தான் செய்தது.

"ஏய், அது காதுடி!"

"எந்தங்கச்சி புருஷன் இதவிட ஓங்கி அடிப்பாரு. கண்ண மூடாதீங்க. எங்கம்மா ஊருக்கு வரேன்னு சொன்னா மட்டும் எவ்வளவு வேகமா பேச்ச மாத்துறீங்க, அந்த வேகம் கையில வரட்டும்."

கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை மேலே வந்து, எல்லாம் பேசித் தீர்த்துக்கொள்ளலாமே என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

போட்டி நாளன்று புதிய கிடங்கின் சரக்கு இறக்கும் கொட்டகையைக் காலி செய்து, தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். முதலாளிக்கு மட்டும் நாற்காலி. மற்றவர்களுக்குக் கவிழ்த்த மரப்பெட்டிகள். அக்காளும் தங்கையும் ஒரே பெட்டியில், ஒரே தண்ணீர் பாட்டிலைப் பகிர்ந்தபடி நெருக்கமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"மாமா இளைச்சிட்டாரே அக்கா. பயமா?" என்றாள் தங்கை.

"பயமா? ராத்திரி பகலா யோசன. உங்க வீட்டுக்காருக்கு அந்தத் தொந்தரவே இல்ல பாரு, எப்படிக் கொழுகொழுன்னு இருக்காரு!"

மூன்று ஆட்டம். முதல் ஆட்டம் மூலை வியூகத்தால் பழைய கிடங்குக்கு. இரண்டாவதில் சகலை தம் ஆட்கள் மூவரை நேராக மூலைக்கே அனுப்பினார். மூலையார் சுவரோடு சுவராகப் பிசைந்தெடுக்கப்பட்டு முதல் ஆளாக வெளியேறினார்; அந்த ஆட்டம் புதிய கிடங்குக்கு. சுவர் ஈரமாக இருந்ததாக முதலாளி காதில் படும்படி புகார் செய்தார். ஆடத் தெரியாதவனுக்கு மேடை கோணல் என்பார்கள்; சுவர் ஈரம் என்று சொன்னவர் சரித்திரத்தில் இவர் ஒருவர்தான்.

மூன்றாவது ஆட்டம் தொடங்குமுன் பேக்கிங் அக்கா மூலையாரிடம் வந்தாள். "அண்ணே, நீங்க சும்மா இருங்க. அது உங்களுக்கு நல்லா வருது. மத்தத நாங்க பாத்துக்கிறோம்" என்றாள். சொன்னபடியே செய்தாள். அவளும் டிரைவரும் காவலாளியும் பில் பெண்ணும் மூலையை மறித்து நின்று, வந்தவர்களை ஒவ்வொருவராக வீழ்த்தி, ஒவ்வொருவராக வீழ்ந்தார்கள். கடைசியில் கோட்டுக்குள் மிஞ்சியவர்கள் இரண்டு பேர். நடுவில் சகலை, தலைக்குமேல் கட்டைகள் பறக்க. மூலையில் மூலையார், தாடைக்குக் கீழே.

"வாங்க சகலை, வெளிய வாங்க. காத்து வாங்கலாம்" என்றபடி சகலை நெருங்கினார்.

"இங்கயே நல்லா வருது."

"பொண்டாட்டி பாக்குறாங்க, கொஞ்சம் ஆம்பளையா ஆடிக் காட்டுங்க."

"அவளுக்கு எல்லாம் தெரியும். நீங்க ஆட்டத்தப் பாருங்க."

சகலை கட்டையை ஓங்கினார். மூலையாரின் கட்டைகள் இருந்த தாழ்வுக்கு அந்த வீச்சு இறங்கவில்லை. இன்னொரு முறை குனிந்து ஓங்கினார். கட்டை சுவரில் போய் மோதி, அவர் பிடியிலிருந்து தெறித்து மேலே பறந்தது. கூரைத் தகரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தலைகீழாக இறங்கத் தொடங்கியது. எட்டிப் பிடிக்கிற தூரத்தில் சகலை இல்லை. மற்ற இரண்டு கட்டைகளைக் கைக்கொன்றாக இறுக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். அவ்வளவுதான், முடிந்தது. மூலையார் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதில் அந்த வட்டாரத்திலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பொறுப்பாளர் பதவி, அக்காளின் மானம், மாமியார் வீட்டு வாசற்படி எல்லாம் அந்தக் கட்டையோடு சேர்ந்து பழம் நழுவிப் பாலில் விழுகிற மாதிரி இறங்கி வந்தன.

மூலையாரின் கை நீண்டது. பிடித்துவிட்டது.

பிடித்ததோடு நிற்கவும் இல்லை. தம் மூன்றோடு அதையும் சேர்த்து நான்காகச் சுற்றத் தொடங்கியது. நான்கு கட்டை சுற்ற வரும் என்பது அவருக்கே அப்போதுதான் தெரியும். அவர் முகத்தைப் பார்த்தால், கை வேறு யாருடையதோ, தாம் அதற்குத் துணைக்கு வந்தவர் என்பது போல இருந்தது.

மாப்பிள்ளை விசிலை வாயில் வைத்தபடி நின்றார். யார் கட்டையும் தரையில் இல்லை. யாரை வெளியே அனுப்புவது?

"மாமா, இப்ப என்ன பண்ணலாம்?" என்றார், விசிலை எடுத்துவிட்டு.

"விளையாட்ட நீங்கதான மாப்ள கொண்டாந்தீங்க. நீங்கதான் சொல்லணும்."

"பயிற்சியில இத நடத்தல மாமா."

அதற்குள் கொட்டகை கொதித்தது. "அண்ணே, அது அவரோடது! கீழ போடுங்கண்ணே!" என்று பேக்கிங் அக்கா கத்தினாள். 'கீழே போடு' என்று ஒருவர் வேண்டிக் கேட்டுக்கொண்டது கிடங்கு வரலாற்றில் அதுவே முதல் தடவை.

"ஏங்க, போட்டுத் தொலைங்க!" என்று மனைவி பெட்டிமேல் ஏறி நின்றாள்.

"மாமா, போட்டுடாதீங்க மாமா! நல்லா இருப்பீங்க!" என்று தங்கை அதே பெட்டிமேல் ஏறினாள்.

மூலையார் போடத்தான் நினைத்தார். சத்தியமாக நினைத்தார். ஆனால் கைக்குப் போடத் தெரியவில்லை. அந்தக் கைக்கு எடுக்கத் தெரியும், பிடிக்கத் தெரியும், அடுத்தவருக்கு வீசத் தெரியும். போடுவது எப்படி என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

இதைச் சகலை கண்டுகொண்டார். அவரும் அதே வரிசையில் நின்று வளர்ந்தவர்தானே. இரண்டு கட்டையையும் ஒரே கையில் ஒடுக்கிக்கொண்டு, வலது உள்ளங்கையை விரித்து நீட்டினார். லாரி இறக்கும்போது நீட்டுவது போலவே.

"சகலை, இப்படிக் குடுங்க" என்றார் மெதுவாக.

விரிந்த உள்ளங்கை தெரிந்தால் வீச வேண்டும். மூலையார் வீசினார். அளவான வீச்சு, முட்டையாக இருந்தாலும் உடைந்திருக்காது. சகலை வாங்கினார். வாங்கிய கையை மடக்காமல், வாங்கிய வேகத்திலேயே அதே கட்டையால் மூலையாரின் கட்டையொன்றைத் தட்டினார். அது சுண்ணாம்புக் கோட்டில் விழுந்து உருண்டு, முதலாளியின் செருப்பருகே போய் நின்றது.

இதற்கு விதி இருந்தது. மாப்பிள்ளை நிம்மதியாக விசில் ஊதினார்.

"இதுதான் மாமா தலைமைப் பண்பு! கிடைச்ச வாய்ப்ப எப்படிப் பயன்படுத்தினாரு பாத்தீங்களா?"

புதிய கிடங்குக்காரர்கள் கைதட்டினார்கள். ஆனால் ஒலி ஒரு மாதிரி இருந்தது. ஈரத் துணியை உதறியது போல. கையில் பிடித்துக் கொடுத்தவனின் சரக்கைத் தட்டிவிட்ட காட்சியை அவர்களும் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

மூலையார் அடுத்த நாளே கதையைச் சீராக்கிவிட்டார். விட்டுக்கொடுத்தாராம். சொந்தக்காரனாயிற்றே என்று மனம் கேட்கவில்லையாம். இந்தப் பெருந்தன்மையை அவர் தேநீர் இடைவேளைகளில் விவரிக்க விவரிக்கத் தமக்கே கண் கலங்கும். மனைவி மட்டும் நம்பவில்லை. "பெருந்தன்மையா? வீட்டுல ஒரு தடவ அது இருந்து நான் பாத்ததில்லையே" என்றாள். சொன்னபடி அம்மா வீட்டு வாசற்படியையும் மிதிக்கவில்லை. அம்மாதான் இங்கே வந்து தங்கினாள்.

சகலை பொறுப்பாளரானார். அவரைச் 'சார்' என்று கூப்பிடாமல் தப்பிக்க மூலையார் ஒரு வழி கண்டார். கூப்பிடுவதே இல்லை. வேண்டியிருந்தால் எதிரே போய் நின்று இருமுவார். சகலை திரும்பிப் பார்ப்பார். இப்படியே ஒரு மழைக்காலம் போனது. இருமலுக்கு அதுவும் ஒத்துழைத்தது.

கிடங்கில்தான் ஒரு மாற்றம் வந்துவிட்டது. முதலில் ஒரு பையன் கையிலிருந்து கோப்பை நழுவியது. பக்கத்தில் நின்ற ஆள் பிடிக்கவில்லை. பிறகு ஒரு ஜாடி. பிறகு ஓர் அடுக்கு. பக்கத்துக் கைகள் எல்லாம் இடுப்பிலேயே இருந்தன. சகலை பேக்கிங் அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"கண்ணு முன்னாடி விழுது, கையக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

"நாங்க பிடிச்சுக் குடுப்போம் சார். அப்புறம் நீங்க எங்க கையில இருக்கிறதத் தட்டி விடுவீங்க. எதுக்கு வம்பு? அவங்கவங்க கட்டைய அவங்கவங்க பாத்துக்கிறோம்."

உடைசல் அறை நிரம்பி வாசலுக்கு வழியத் தொடங்கியதும் முதலாளி கவலைப்பட்டார். உடைவதை நிறுத்துவது எப்படி என்று மாப்பிள்ளையைக் கேட்டார். மாப்பிள்ளை யோசித்து, உடைசலுக்கென்று தனியாக ஒரு பொறுப்பாளரைப் போடச் சொன்னார். அனுபவமும் ஓய்வும் ஒருங்கே உள்ள ஆள் ஒருவர்தான் இருந்தார். அறையில் நாற்காலி போட இடம் ஒரே இடத்தில்தான் இருந்தது, அது மூலை. மூலையார் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபோது, அவருக்காகவே கட்டிய அறை போலிருந்தது.

"எங்க வீட்டுக்காருக்குத் தனி ரூம் குடுத்திருக்காங்க. உங்க வீட்டுக்காரு இன்னும் எல்லாரோடயும் நின்னுக்கிட்டுத்தான் இருக்காராமே?" என்றாள் அக்காள் தங்கையிடம்.

போன வாரம் புதுச் சரக்கு வந்தது. வரிசை மந்தமாக நகர்வதைப் பொறுக்காமல், எப்படி வீச வேண்டும் என்று காட்டுவதற்குச் சகலையே வரிசையில் இறங்கினார். பெரிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்று அவர் விரல் நுனியில் தட்டி மேலே எழும்பியது. ஒரு நொடி அந்தரத்தில் மின்னியது. சுற்றி அத்தனை பேர் நின்றார்கள். அத்தனை பேரும் அதன் அழகை ரசித்தார்கள்.

சட்டம் பொறுப்பாளருக்கும் சட்டம்தான். சகலை சில்லுகளைப் பொறுக்கித் தட்டில் ஏந்திக்கொண்டு, அலமாரிகளைக் கடந்து, பேக்கிங் அக்காவைக் கடந்து, டிரைவரைக் கடந்து உடைசல் அறைக்குள் நுழைந்தார். அறையில் ஒரே நாற்காலி. அதில் மூலையார். சகலை தட்டோடு நின்றார்.

மூலையார் சில்லுகளைப் பார்த்தார். சகலையைப் பார்த்தார். அன்று இருமவில்லை.

"அந்த ஓரமா கொட்டிட்டுப் போங்க" என்றார், அடுத்த வார்த்தையை வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றி, தாடை உயரத்திலேயே நிதானமாக வெளியே விட்டு, "சார்."